கொள்ளுத்தாத்தா பிறந்த அறையில் போன பல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் கடைவாயைத் தவிர. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பா போனில் போட்டுக்கொடுப்பதற்குள் வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன், வலிக்காத பல்லை வலிக்கிறது என்று பொய் சொல்லிப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். சிரிக்காதே, எல்லாம் உன் கொள்ளுத்தாத்தாவுக்காக. நீ கேட்டபடி நகராட்சிக்கு நடையாய் நடந்து அவருடைய பிறப்புப் பதிவைப் பிடித்தேன், வீட்டிலேயே பிறந்திருக்கிறார், தெருவும் பழைய கதவு எண்ணும் இருந்தன, அந்த எண்ணில் இப்போது பல் ஆஸ்பத்திரி என்றார் அங்கிருந்த எழுத்தர். உன் மாமியார் ஏழு தலைமுறையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற மனுஷி, உங்கள் பக்கம் காட்ட ஏதாவது உண்டா என்று அவர் கேட்டதும், நீ ரோஷப்பட்டு அடுத்த மாதமே எல்லோரையும் கூட்டிவருகிறேன் என்று டிக்கெட் போட்டதும் நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. சரி, முன்னாடியே பார்த்துவைப்போம் என்று போனேன். நோயாளியைத் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது என்றாள் வாசலில் இருந்த பெண். என் வாய் சும்மா இருக்குமா, பல்வலி என்றுவிட்டேன்.

நாற்காலியில் மல்லாந்தால் மேலே மர உத்தரம். இதைப் பார்த்துத்தானே அந்த மனுஷன் முதன்முதலாகக் கண் திறந்திருப்பார் என்று மனசு எங்கேயோ போய்விட்டது, ஆடுகிற பல்லை எடுத்துவிடலாமா என்று டாக்டர் கேட்டதற்கும் தலையாட்டியிருக்கிறேன். கண்ணில் நீர் கொட்டியது, வலிக்கிறது என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டார். சுயநினைவு வந்து பார்த்தால் பல் தட்டில் கிடக்கிறது. செத்தவரைத் தேடிப் போய் இருக்கிற பல்லைத் தொலைச்சிட்டு வந்திருக்கா என்று உன் அப்பா தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. அது கிடக்கட்டும், சம்பந்தியம்மாவை எப்படி உள்ளே விடுவார்கள்? டாக்டரிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன், பஞ்சு அடைத்த வாயில் அது உளறலாகத்தான் வந்தது, பேசாதீங்கம்மா ரத்தம் வரும் என்றார். அந்த அம்மாவுக்கோ இந்த வயசிலும் ஒரு பல்கூட ஆடவில்லை. வாசலோடு திருப்பி அனுப்பினால் ஆயுசுக்கும் உன்னைக் குத்திக்காட்டுவார்களே.

நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போடு. டிக்கெட்டைத் தள்ளிப்போட முடியுமா என்று கேள். ஆஸ்பத்திரி விஷயம் மாமியார் காதுக்குப் போகவே கூடாது.

ஒரு பல் குறைந்த,
உன் அம்மா

உறையை ஒட்டும்போது அப்பா சொல்கிறார்: எனக்கு மாத்திரை வாங்கப் போனவர் அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாராம். நெற்றியிலேயே கட்டிய வருஷம் போட்டிருக்கிறது. அப்போது கொள்ளுத்தாத்தாவுக்கு நாற்பது வயசு.