கல்யாணப் பத்திரிகையில் ஒரு பி.ஏ.

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்து சாரல். முதல் ஷிஃப்ட் முடிந்து நேராக இ-சேவை மையம். கீர்த்தனாவுக்காகப் போட்டிருந்த முதல் பட்டதாரி சான்று நிராகரிப்பு. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகும் பிள்ளைக்கு இன்ஜினியரிங் கட்டணத்தில் அரசாங்கம் தரும் சலுகை. அது இல்லையென்றால் சீட் கிடைத்தும் கட்ட முடியாது.

காரணம்: "விசாரணையில் தந்தை பட்டதாரி எனத் தெரியவந்தது."

தந்தை என்றால் நான்தான். பிளஸ் டூ. அஞ்சல் வழியில் பி.ஏ. எழுதி, இங்கிலீஷ் பேப்பரில் மூன்று முறை தோற்றவன். மூன்று முறையும் ஒரே மார்க். தரத்தைக் கைவிடவில்லை.

கம்ப்யூட்டரில் இருந்த பெண்: "பட்டதாரின்னா எதுக்கு சார் அப்ளை பண்ணீங்க?"

குடையை அங்கேயே மறந்துவிட்டு வந்தாயிற்று.

மேல்முறையீடு செய்யலாமாம். கவுன்சலிங் தளத்தில் சான்றிதழ் ஏற்றக் கடைசி நாள் அடுத்த திங்கள்.

வீட்டில் மூச்சு விடவில்லை. எப்படி விடுவது? கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. இருக்கிறது. அப்போது ரிசல்ட் வரவில்லை. "எப்படியும் வந்துடும் மாப்ள" என்று மாமனாரே அச்சடித்துவிட்டார். வந்தது கல்யாணம் முடிந்து பதினைந்தாம் நாள். குருபரப்பள்ளியில் மாமியார் வீட்டு விருந்து. இலையில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது என்று விட்டேன். பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது.

ஜூன் 3, செவ்வாய்

யார் போட்டுக் கொடுத்தது? பக்கத்து வீட்டு முனிராஜ்தான். ஒரே கம்பெனி, ஒரே லைன். அவன் மகனுக்கு மார்க் குறைவு, வயிற்றெரிச்சல்.

கேன்டீனில் கேட்டேன். "வி.ஏ.ஓ. உங்கிட்ட விசாரிச்சாராப்பா?"

"ஆமாண்ணா, போன வாரம் வந்தாரு."

"என்ன சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன்." சிரிப்பு வேறு.

பன்னிரண்டு வருடம் ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்தவன். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். சாயங்காலம் அவன் வண்டியில் ஏறவில்லை. கம்பெனி பஸ். ஜன்னல் சீட், மழை முழுக்க என் மேல்.

ஜூன் 4, புதன்

அரை நாள் பெர்மிஷன். வி.ஏ.ஓ. ஆபீஸ்.

"ஆதாரம் இல்லாம எழுதலைங்க" என்று போனைத் திருப்பிக் காட்டினார். எங்கள் கல்யாணப் பத்திரிகை. அதைப் பிடித்திருக்கும் கட்டைவிரலில் குக்கர் சுட்ட தழும்பு.

மாலதி. என் பெண்டாட்டி.

"நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. வீட்டம்மா ரொம்பப் பெருமையா எடுத்தாந்து காட்டுனாங்க. காபி வேற குடுத்தாங்க."

"பக்கத்து வீட்டுல..."

"முனிராஜா? நீங்க ஃபெயிலு, ஃபெயிலுன்னு அடிச்சுச் சொன்னாரு. பொறாமைல பேசறாருன்னு நெனச்சேன்."

என்னைப் பற்றி உண்மை பேசிய ஒரே ஆளை நேற்று முறைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

தேவை: மார்க் ஷீட் ஒரிஜினல். என் உறுதிமொழி. மனைவி நேரில் வந்து கையெழுத்து.

மூன்றாவதுதான் கஷ்டம்.

ஜூன் 5, வியாழன்

மார்க் ஷீட் கம்பெனி லாக்கரில், பழைய சேஃப்டி ஷூவுக்கு அடியில். வீட்டில் வைத்தால் மாலதி பார்த்துவிடுவாள் என்று அங்கே வைத்தது. பக்கத்து லாக்கர் முனிராஜுக்கு மட்டும் தெரியும்.

மாலதி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கீர்த்தனா. சொல்லிவிட்டேன். மாலதி மூன்று தாளையும் வரிசையாகத் தரையில் வைத்துப் படித்தாள்.

"மூணு தடவையும் ஒரே மார்க்கு, பாரேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"பி.ஏ. படிச்ச மனுசன் மெஷின்ல நிக்கறாரே, படிப்புக்கு ஒரு மரியாத இல்லையேன்னு எந்தம்பிகிட்ட எத்தன சண்ட போட்டிருப்பேன்? உங்க சூப்பர்வைசர எவ்ளோ திட்டியிருப்பேன்?"

"மாலதி..."

"ஃபெயிலானது ஒண்ணும் இல்லீங்க. எங்கண்ணனுந்தான் ஃபெயிலு. இத்தன வருசம் என்னைய உங்களுக்காகப் பரிதாபப்பட வெச்சீங்களே, அதான்."

கீர்த்தனா: "நாலாவதுல, எங்கப்பா பி.ஏ.ன்னு கிளாஸ்ல எந்திரிச்சு நின்னு சொன்னேம்ப்பா."

பிறகு அவளும் அம்மா பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். கொத்தமல்லி முழுவதும் ஆய்ந்து முடிந்தது. குழம்பில் போடவில்லை.

ஜூன் 6, வெள்ளி

மாலதி வந்தாள். பஸ்ஸில் இருவருக்கும் நடுவில் ஃபைல்.

தாலுகா ஆபீஸ் கிளார்க் மார்க் ஷீட்டைப் புரட்டிவிட்டு: "வீட்டுக்காரர் பட்டதாரி இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் சார். நேத்துலேர்ந்து."

பக்கத்து மேஜைக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

கையெழுத்துப் போட்டாள். மா-ல-தி என்று நிறுத்தி நிதானமாக. என் பெயரை எப்போதும் சேர்த்து எழுதுவாள். இன்று இல்லை.

பத்திரிகையையும் கொண்டுவந்திருந்தாள், ஆல்பத்திலிருந்து பிய்த்து. ஜெராக்ஸ் போதும் என்றார் கிளார்க்.

"ஒரிஜினலே வெச்சிக்கோங்க சார். எங்களுக்கு வேணாம்."

திரும்பும் பஸ்ஸில் முன்னால் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். நான் பின்னால், டயருக்கு மேல்.

ஜூன் 9, திங்கள்

வெயில். பகல் பதினொன்றரைக்கு மெசேஜ்: விண்ணப்பம் ஏற்கப்பட்டது. நான் பட்டதாரி இல்லை என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது. கீர்த்தனா உடனே சான்றிதழை ஏற்றிவிட்டாள். "தேங்க்ஸ் மா" என்றாள். அம்மாவிடம்.

முனிராஜிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஏறுண்ணா வண்டில" என்றான். அவ்வளவுதான்.

மாலதி சாயங்காலம் வாயைத் திறந்தாள். "கீர்த்தனா, உங்கப்பாவுக்குச் சாப்பாடு போடு."

ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் நாலு மூலையிலும் காய்ந்த பசை. நடுவில் பத்திரிகை இருந்த இடம் மட்டும் இன்னும் வெள்ளையாக.