மூக்குக்குப் பிறகு முழங்கை

18 நவம்பர் 2024, திங்கள்

காற்று மோசம் என்று கல்லூரியை மூடிவிட்டார்கள். வகுப்பெல்லாம் ஆன்லைன். சாஃப்ட்பாலை ஆன்லைனில் எறிவது எப்படி என்று சர்க்குலரில் இல்லை.

வீடியோ கால் போட்டேன். நான் பயிற்சி கொடுக்கும் டீமில் மட்டைக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சர் தன்னு, நகரத்தின் அந்தக் கோடியில், நஜஃப்கரில் அவள் வீட்டு மொட்டை மாடியில் குத்தவைத்து உட்கார்ந்தாள். எங்கேயோ எருமை கத்தியது. நான் இந்தக் கோடியில், திரிலோக்புரியில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நின்று புதுச் சைகைகளைச் சொல்லிக்கொடுத்தேன். போன வாரம் ஷிவானி டீமை விட்டு ஒரு கிளப்பில் சேர்ந்துவிட்டாள். அதனால் பழையது எல்லாம் ரத்து.

இனிமேல் மூக்கைத் தொடுவதற்கு முன்னால் எதைத் தொட்டாலும் பொய். மூக்குக்கு அடுத்தது மட்டும்தான் நிஜம். முழங்கை என்றால் மெதுவான பந்து. காது என்றால் மேலே எழும்பும் பந்து. தொப்பி என்றால் கீழே இறங்கும் பந்து. பெஞ்சிலிருந்து காட்டுவதைத் தன்னு திருப்பிக் காட்டுவாள், ப்ரீதா அதைப் பார்த்துப் பந்து போடுவாள்.

"ஷிவானி நம்ம தோஸ்த், தீதி. போய்ச் சொல்லிடுவாளா?"

"தோஸ்தாவே இருக்கட்டும். யார் டீமை விட்டுப் போனாலும் அன்னிக்கே சைகையை மாத்திடணும்."

"நீங்க போனா?"

"நான் எங்கடி போகப்போறேன்?"

ஹிந்தியில் பேசியதைத் தமிழில் எழுதினால், அதுவும் 'தீதி' என்ற அக்காவோடு, அவள் ரொம்ப மரியாதையான பெண் மாதிரி தெரிகிறாள். இல்லை.

அம்மா வேலை முடிந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னாடி இது, கொசு கடிச்சவ மாதிரி மூக்கையும் காதையும் தடவினு நிக்கிற?"

12 டிசம்பர்

மைதானத்தில் கல்லூரி விழா. அடிப்பவள் நிற்கும் இடத்தில், என் ஹோம் பிளேட் மேல், மோமோ கடை.

16 டிசம்பர்

டெண்ட் அடித்த குழிகளை நாங்களே மண் போட்டு மூடினோம். பதினாலு பெண்கள், இரண்டு மண்வெட்டி. தோட்டக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் வேலை இல்லையாம். என் வேலையும் இல்லை. கான்ட்ராக்டில் என் வேலை என்னவென்றே இல்லை, 'தேவைக்கேற்ப' என்றுதான் இருக்கிறது.

பிப்ரவரியில் ஜல்கானில் அழைப்புப் போட்டி. எங்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள்! சொன்னதும் தன்னு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆடினாள்.

மூன்று வருடமாக உள்ளூரில்கூட, டீம் ஷீட்டில் பெயர் இல்லாததால், நான் கயிற்றுக்கு வெளியே நின்றுதான் கத்தியிருக்கிறேன். பெஞ்சில் உட்கார வேண்டும். ஒரு மரப்பலகை, அவ்வளவுதான். மாணவியாக விளையாடியபோது நான்கு வருடம் உட்கார்ந்த பலகை. அப்போது அதில் உட்கார்ந்தால் அவமானம், விளையாட்டில் இல்லை என்று அர்த்தம். இப்போது ராத்திரி கண்ணை மூடினால் அந்தப் பலகைதான் வருகிறது.

22 ஜனவரி 2025, புதன்

டீம் ஷீட் வந்துவிட்டது. கோச்: டாக்டர் வத்சலா கோபாலன். மேனேஜர்: ஒரு கெமிஸ்ட்ரி மேடம். அதிகாரிகள் இரண்டு பேருக்குத்தான் அனுமதி.

வத்சலா மேடம் உடற்கல்வித் துறைத் தலைவர். விளையாடியது டேபிள் டென்னிஸ். கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் பேசினார். கதவு திறந்திருந்தால் ஆங்கிலம்தான்.

"உக்காரு வள்ளி. எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. கான்ட்ராக்ட் ஆளுக்கு ஆன் டியூட்டி தர ரூல் கிடையாது."

"அவங்களுக்கு சைகை யார் மேம் குடுப்பாங்க?"

"எழுதிக் குடேன். பாத்துக்கறேன். என் ப்ரமோஷன் ஃபைலுக்கு ஒரு வெளியூர் டோர்னமென்ட் வேணும்மா. உன்கிட்ட ஏன் மறைக்கணும், நீ நம்மூர்ப் பொண்ணு."

எழுந்தேன். அப்போது கேட்டார்: "அம்மா இன்னும் வேலைக்குப் போறாங்களா? எங்க அபார்ட்மென்ட் சொசைட்டில ஒரு வீட்டுல வேலைக்கு ஆள் தேடறாங்க."

நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அதுதான் எரிகிறது. மயூர் விஹாரில் அதே சொசைட்டி வாசலில் என் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போகிறாள். நான் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு வெளியே வருகிறேன். வித்தியாசம் என்ன? எனக்கு எம்.பி.எட். இருக்கிறது. அவ்வளவுதானே?

எழுதிக் கொடுக்கவில்லை. குடுக்க மாட்டேன். போ.

23 ஜனவரி

எழுதிக் கொடுத்தேன். டீம் என்ன பாவம் செய்தது?

12 பிப்ரவரி, ரயிலில்

டீம் நேற்றே போய்விட்டது. நான் கல்லூரியில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். ஜெனரல் பெட்டி. போபால் வரை உட்கார இடமில்லை. அம்மா புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். "வேடிக்கை பாக்கவா இம்மாந்தூரம் போற?" ஆமாம். வேடிக்கை பார்க்கத்தான்.

13 பிப்ரவரி, ஜல்கான்

ஸ்டாண்டில் நாலாவது படியில் உட்கார்ந்தேன். இரண்டாவது இன்னிங்ஸில் தன்னு என்னைப் பார்த்துவிட்டாள். கம்பி மாஸ்க்கைத் தூக்கிச் சிரித்தாள், உடனே இறக்கிக்கொண்டாள். பெஞ்சில் வத்சலா மேடம் என் காகிதத்தைப் பிடித்தபடி மூக்கைத் தொடலாமா காதைத் தொடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். தன்னு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

கொடுத்தேன். தொப்பி, மூக்கு, முழங்கை. மெதுவான பந்து. அடிக்க வந்தவள் காற்றை அடித்துவிட்டு விழுந்தாள்.

ஏழாவது இன்னிங்ஸ் வரை கொடுத்தேன். 4-1. மூன்று வருடத்தில் இப்படி ஒரு நாள் இல்லை.

மாலையில் மேடம் போன் செய்தார். கோபம் இல்லை, தளர்ந்த குரல். "நீ வந்தது தெரியும். வெளியிலேருந்து சைகை குடுக்கறது யாராவது கண்ணுல பட்டா டீமையே வெளியேத்திடுவாங்க. அது வேணுமா உனக்கு?"

சரியாகத்தான் சொல்கிறார். அதுவும் எரிகிறது.

14 பிப்ரவரி

அரையிறுதி. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

கடைசி இன்னிங்ஸ், நாங்கள் ஒரு ரன் முன்னால். எதிரணி இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருத்தி அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. ஆனால் இரண்டாம் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ரன் எடுக்கக் காத்து நிற்கிறார்கள். அவர்களுடைய பெரிய அடிக்காரி வருகிறாள். அவசரக்காரி, எல்லாப் பந்துக்கும் முன்கூட்டியே மட்டையை வீசுகிறாள். முழங்கை, முழங்கை, முழங்கை என்று எனக்குள் கத்துகிறது. தன்னு பெஞ்சைப் பார்த்தாள். அங்கே கை தட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு மேலே என்னைப் பார்த்தாள்.

நான் என் ஷூ லேசைப் பார்த்தேன்.

எவ்வளவு நேரம்? மூன்று விநாடி இருக்கும். நிமிர்ந்தபோது அவள் எனக்கு முதுகு காட்டி நின்றாள். மூக்கைத் தொட்டாள். காதைத் தொட்டாள்.

ஐயோ, காதா? எழும்பும் பந்தா இவளுக்கு? அடி பைத்தியமே—

பந்து மேலே எழும்பியது. மட்டை அதன் அடிப்பக்கத்தை உரசியது. பந்து நேரே வானத்துக்குப் போய்த் தன்னுவின் கையிலேயே வந்து விழுந்தது. ஜெயித்துவிட்டோம். எல்லோரும் அவள் மேல் விழுந்தார்கள். ஸ்டாண்டில் எனக்குப் பக்கத்தில் வேர்க்கடலை விற்பவர் மட்டும் இருந்தார். அவர் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன்.

நான் சொல்லியிருந்தால் முழங்கை. அதுவும் சரியாக வந்திருக்குமா? தெரியாது. இனி தெரியவே தெரியாது.

15 பிப்ரவரி

இறுதிப் போட்டியில் 0-5. வெள்ளிக் கோப்பையோடு போட்டோ. நடுவில் மேடம். எடுத்தது நான்தான், தன்னுவின் போனில்.

30 ஏப்ரல்

கான்ட்ராக்ட் புதுப்பிக்கவில்லை. காரணம்: பிப்ரவரியில் நான்கு நாள் தகவல் இல்லாமல் வராதது. பொய் இல்லை. வரவில்லைதான்.

தன்னு போனில் அழுதாள். "ஸ்டிரைக் பண்றோம் தீதி." பரீட்சைக்குப் படிக்கச் சொன்னேன். வேறு என்ன சொல்வது? விளையாட்டுச் சாமான் அறைச் சாவியைக் கொடுக்கப் போனபோது மைதானத்தில் யாரும் இல்லை. ஹோம் பிளேட்டை ஷூவால் துடைத்துவிட்டு வந்தேன்.

4 ஆகஸ்ட்

வேலை கிடைத்துவிட்டது. வேறு கல்லூரி. நகரத்தின் மறுகோடி, இரண்டு மெட்ரோ மாற வேண்டும். இதுவும் கான்ட்ராக்ட்தான், ஆனால் டீம் ஷீட்டில் என் பெயர் வரும் என்று எழுதி வாங்கினேன். டிராக்சூட்டும் கொடுத்தார்கள், முதுகில் கோச் என்று. அம்மா அதை இரண்டு தடவை துவைத்துவிட்டாள்.

பிரின்சிபால் சொன்னார்: "டாக்டர் வத்சலா உங்களைப் பற்றி ரொம்ப உயர்வாகச் சொன்னார்." இனி அந்த அம்மாவை நிம்மதியாகத் திட்டக்கூட முடியாது.

19 செப்டம்பர்

இங்கே ஒருத்திக்கும் பந்தை முழுசாகப் பிடிக்கத் தெரியவில்லை. தன்னுவுக்கும் முதல் வருடம் தெரியாதுதான்.

வீட்டுக்கு வரும்போது கை தானாக அவள் நம்பருக்குப் போகிறது. அழைக்கவில்லை. எதிரணிக் கேட்சரிடம் என்ன பேசுவது?

21 ஜனவரி 2026, புதன்

கல்லூரிகளுக்கு இடையேயான போட்டி. காலிறுதி. அவர்களும் நாங்களும்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். பலகை ஈரம். பனி. ஸ்கோர் ஷீட்டில் என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது, திருத்தச் சொன்னேன்.

தன்னு இப்போது கேப்டன். அவர்கள் பெஞ்சில் வத்சலா மேடம், குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு. தன்னு அந்தப் பக்கம் பார்க்கவில்லை, இந்தப் பக்கமும் பார்க்கவில்லை. எல்லாம் அவளே காட்டினாள்.

கடைசி இன்னிங்ஸ் வரை நான் நேர்மையாக இருந்தேன் என்று எழுத ஆசை. இல்லை. முதல் பந்திலிருந்தே அவள் கையைத்தான் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. அவள் காட்டியதற்கும் வந்த பந்துக்கும் சம்பந்தமே இல்லை. கடைசியில், நாங்கள் ஒரு ரன் பின்னால், இரண்டு பேர் அவுட், அடிப்பவளுக்கு இரண்டு ஸ்டிரைக், இன்னும் ஒன்று விட்டால் அவுட். அப்போது தன்னு தொப்பியைத் தொட்டாள். மூக்கைத் தொட்டாள். நிதானமாக முழங்கையைத் தொட்டாள்.

என் சைகை. நான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நின்று கொடுத்தது.

"ஆராம் சே!" என்று எங்கள் அடிக்காரிக்குக் கத்தினேன். அவசரப்படாதே, மெதுவாக வரும். அவள் காத்திருந்தாள். பந்து நெருப்பு மாதிரி வந்து எழும்பிப் போய்விட்டது. அவுட். ஆட்டம் முடிந்தது.

தன்னு மாஸ்க்கைத் தூக்கினாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

வரிசையில் கை கொடுத்துக்கொண்டே வந்தோம். அவள் கை என் கையில் ஒரு விநாடி கூடுதலாக இருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. "குட் கேம், கோச்" என்றாள். தீதி இல்லை. கோச்.

"சைகையை எப்ப மாத்தின?" என்று கேட்டேன்.

"நீங்க சாவி குடுத்த அன்னிக்கே."

வீட்டுக்கு வந்தேன். அம்மா சப்பாத்தியைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்: "ஜெயிச்சீங்களா?"

"தோத்துட்டோம்."

"ஆருகிட்ட?"

"நம்ம புள்ளைங்ககிட்ட."