கரடி வீட்டு வெளிச்சம்

அன்பு மிக்கவருக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. காய்ச்சலில் படுத்திருந்தாலும் நலம் என்றுதான் சொல்வீர்கள். அத்தைக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மருந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சாப்பிடுகிறார். நம் வாலு கணக்கில் தேறிவிட்டாள். வாய் மட்டும் குறையவில்லை.

போனில் பேச முடியாததால் எழுதுகிறேன். இங்கே பக்கத்தில் அத்தை, அங்கே பக்கத்தில் உங்கள் அறைக்காரர்கள். கம்பெனி இன்னும் இரண்டு வருடம் இங்கேயே இருக்கச் சொல்லுது, நீ என்ன சொல்றே என்று கேட்டீர்கள். உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டு போனை அத்தையிடம் கொடுத்தேன். அதற்குமேல் பேச அன்றைக்குத் தெம்பு இல்லை.

வேலை அப்படி. கரடிக் குடும்பத்தைப் பற்றிய கார்ட்டூன் படம் என்று சொன்னேனே, அதில் வெகுநாள் வெளியூரில் இருந்த அப்பா கரடி வீடு திரும்புகிறது. கரடியை வரைவது வேறு ஆட்கள். அது வந்து நிற்கப்போகும் கூடத்துக்கு வண்ணமும் வெளிச்சமும் கொடுப்பது என் தலையில். கரடி வீட்டுக்கு எதற்கு சோபா என்று கேட்காதீர்கள், நானும் கேட்டுப் பார்த்தாகிவிட்டது.

பார்க்கிறவர்களுக்கு மனசு நிறைய வேண்டும் என்றார் இயக்குநர். சந்தோஷம் என்றால் வெளிச்சம்தானே. கூடத்து விளக்கை எரியவிட்டேன், சுவருக்கு மஞ்சள் கொடுத்தேன், நிழல்களை மென்மையாக்கினேன். இது இல்லை என்றார். ஜன்னல் வழியே மாலை வெயிலை விட்டேன். அதுவும் இல்லையாம். திரைச்சீலையின் சிவப்பைக் கூட்டினேன், குறைத்தேன். எத்தனை முறை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். கடைசியில் அவர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வீடு ரொம்ப அழகா இருக்கும்மா, ஆனா யாரோ விருந்தாளி வர்ற மாதிரி இருக்கே என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது.

ஏனென்றால் போன லீவுக்கு நீங்கள் வந்த சாயங்காலம் நம் வீடு அப்படித்தான் இருந்தது. எல்லா விளக்கும் எரிந்தது. சோபாவுக்குப் புது உறை. நீங்கள் கை கழுவப் போனபோது வாலு சமையலறைக்கு வந்து, அப்பாவுக்கு நல்ல டம்ளர்ல குடுக்கவா என்று ரகசியமாகக் கேட்டாள். குடு என்றேன். நீங்கள் மட்டும் லேசுப்பட்டவரா, பிரிட்ஜைத் திறக்கலாமா என்று என்னிடம் கேட்டீர்கள். லீவு முழுக்க எல்லோரும் ஒருவருக்கொருவர் மரியாதையாக நடந்துகொண்டோம். உங்களை வழியனுப்பிவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

இயக்குநர் அப்படிச் சொன்ன அன்று அலுத்துப்போய் வீட்டுக்கு வந்தேன். கூடம் இருட்டாகக் கிடந்தது. சமையலறை விளக்கு மட்டும் எரிந்தது. அந்த வெளிச்சம் கதவு வழியே வந்து சோபாவின் ஒரு கையிலும், தரையில் கிடந்த ஒற்றைக் காலுறையிலும் விழுந்திருந்தது. யாரும் எழுந்து வரவில்லை. வாலு உள்ளேயிருந்தே, அம்மா பசிக்குது என்றாள். வீட்டு ஆளுக்கு யார் கூடத்து விளக்கைப் போடுகிறார்கள்? செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

மறுநாள் அதையே தீட்டினேன். கூடத்து விளக்கை அணைத்து, சுவரில் பாதியை நீல இருட்டில் விட்டுவிட்டு, சமையலறைக் கதவிலிருந்து மட்டும் ஒரு பட்டை ஆரஞ்சு வெளிச்சத்தை விழவைத்தேன். இயக்குநர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இப்பத்தான் வீட்டுக்கு வந்திருக்கார் என்றார். நான் தீட்டிய அந்தக் கூடத்தில் இன்னும் கரடியே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண் எரியுது சார் என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன்.

உங்க இஷ்டம் என்று நான் சொன்னது என் இஷ்டம் இல்லை. கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இங்கே கிடைக்கிற வேலையைப் பாருங்கள், இருப்பதை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம். இன்னும் இரண்டு வருடம் போனால் உங்களைப் பார்த்ததும் வாலு எழுந்து நின்று வணக்கம் சொல்வாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்பினால், என்றைக்கு வருகிறீர்கள் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். சொன்னால் வீட்டைத் துடைத்து வைத்துவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி