பஸ்ஸுக்குப் பின்னால் போன பெரிய வண்டி

பெரியநாயக்கன்பாளையம்
21.11.1999

அன்பு அம்மணி லோகப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம், இடுப்பு மட்டும் கொஞ்சம் முன்பின்னாக இருக்கிறது, அது ஏன் என்று கீழே வரும். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க நம் குலசாமி துணை நிற்கட்டும். ஐப்பசி முழுக்க மழை, மேட்டுப்பாளையம் ரோட்டில் குழி எது தண்ணீர் எது என்று தெரியவில்லை. நம் ஃபவுண்டரியில் வேலைக்குக் குறைவில்லை. நீ வைத்த செண்பக மரம் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிவிட்டது, பூதான் இன்னும் பூக்கவில்லை. போன வாரம் போனில் வண்டி எப்படி இருக்கிறதுப்பா என்று கேட்டாய், அருமையாக இருக்கிறது என்று சொல்லி ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மா சிரித்தது உனக்குக் கேட்டிருக்கும். நல்லவேளை லைன் கட்டாகிவிட்டது. போனில் சொல்லக் கூசியதைத்தான் இப்போது எழுதுகிறேன். மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டாதே. நீ காட்டாமல் இருக்க மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும்.

வண்டி வந்த புதிதில் அனுப்பிய போட்டோவைப் பார்த்திருப்பாய். பழைய அம்பாசடரைத் தள்ளிவிட்டு வாங்கியது, நம் ஊரில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. ஜீப்புக்கு ஜீப், காருக்குக் கார், உள்ளே தோல் சீட்டு, பின்னால் உட்காருகிறவர்களுக்கும் தனியாக ஏசி. அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்து ஏறச் சிரமப்பட்டதால் தச்சரிடம் சொல்லி ஒரு சின்ன முக்காலி செய்து வண்டியிலேயே போட்டிருக்கிறேன். வண்டியில் ஏறி உட்கார்ந்து ஓட்டினால் எதிரே வருகிற லாரிக்காரர்கூட ஒரு நிமிஷம் யோசிக்கிறார். முதல் மாதம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அன்னூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்து வாசலில் நிறுத்தி இறங்கினால், நமக்குப் போட்டியாகப் பம்பு செட்டு வார்ப்படம் போடுகிற வேங்கடசாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். கும்பிடப் போகிறாரோ என்று நினைத்தேன். செருப்புக் காலால் டயரை ஒரு தட்டு தட்டி, ஏனுங்க குமாரசாமி, இத்தாச்சோடு பெரிய வண்டிக்கு டயரு இப்படித் தொளதொளன்னு கெடக்குதுங்களே, காத்து எறங்கிப் போச்சுங்களா என்றார். பக்கத்தில் நின்றவர்களும் குனிந்து பார்த்தார்கள். அம்மணி, அந்த டயரில் இருந்தது சரியான காற்று. வண்டியின் கனத்துக்கு அடியில் சற்றுப் பிதுங்கித்தான் நிற்கும், அந்தப் பிதுக்கம்தான் குழியை வாங்கிக்கொள்ளும். வாழ்நாள் முழுக்க இரும்பை உருக்கி ஊற்றுகிறவன் நான், எது இறுகினால் எது அதிரும் என்று தெரியாதவன் இல்லை. ஆனாலும் அன்றைக்குப் பந்தியில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திரும்புகிற வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, கிண்ணுன்னு நிக்கற மாதிரி அடிப்பா என்றேன். பங்குக்காரரும் அடித்தார். அது போதாதென்று மறுவாரம் டயரையே மாற்றி இன்னும் அகலமாகப் போட்டு, அதற்கும் கிண்ணென்று காற்றடித்தேன். வண்டி பார்க்க எருமைக்கிடா மாதிரி நின்றது. அப்படி நிற்க வேண்டும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அதில் ஏறியவர்கள் யாரும் முழுசாக இறங்கவில்லை. ரோட்டில் ஒரு கல் கிடந்தால் அது என்ன கல் என்று முதுகெலும்பு சொல்லிவிடும். காரமடைக் கோயிலுக்குப் போனபோது பின்சீட்டில் தட்டில் வைத்திருந்த தேங்காய் குதித்துக் கீழே விழுந்து தானே உடைந்து தண்ணீர் ஓடிவிட்டது. ஏனுங்க, சாமிக்கு ஒடைக்கற வேலையும் மிச்சமுங்க என்றாள் அம்மா. அவளுடைய கொண்டை வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு இடத்தில் இருக்கும், போய்ச் சேரும்போது வேறு இடத்தில் இருக்கும். ஒறம்பரை, சொந்தக்காரர் யாரையாவது ஏறச் சொன்னால், எனக்கு வழியில ஒரு சோலி இருக்குதுங்க, பஸ்ஸுலயே வந்துர்றேனுங்க என்று எல்லோருக்கும் வழியில் சோலி இருந்தது. நான் விடவில்லை. இலவம்பஞ்சுத் தலையணை தைத்துப் போட்டேன். நன்றாக இருந்த ஷாக் அப்சர்பரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டினேன். பின்னால் மணல் மூட்டை ஏற்றிப் பார்த்தேன். எனக்கே இடுப்புப் பிடித்துக்கொண்டபோது, ஃபவுண்டரியில் நின்று நின்று வந்தது என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டேன். எல்லாம் செய்தேன், காற்றை மட்டும் குறைக்கவில்லை. குறைத்தால் டயர் பிதுங்கும், பிதுங்கினால் வேங்கடசாமி பார்ப்பார். அவர் இதற்காக நம் வாசலுக்கு வரப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். உன் தாராபுரத்து அத்தைக்கு வலது கண்ணில் புரை முற்றி, தீபாவளி முடிந்ததும் கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்தோம். மாமா போன பிறகு குழந்தையம்மாள் அக்கா தனியாகவே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது உனக்குத் தெரியும். இடது கண் சின்ன வயதில் சோளத்தட்டு குத்தியதில் இருந்தே பாதிதான். ஆக அக்காவுக்கு இருந்தது அந்த ஒரு கண். ஆபரேஷன் நல்லபடியாக ஆயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, உள்ளே தையல் இருக்கிறது, தலை அதிரக்கூடாது, குனியக்கூடாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது, கண்ணைத் தேய்க்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நம் வீட்டிலேயே கொஞ்ச நாள் இரு என்றால் அக்கா கேட்கவில்லை, மாடு கன்று போடுகிற நேரம் என்று ஒற்றைக் காலில் நின்றது. அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஏனுங்க, வாடகைக்கு ஒரு அம்பாசடர் புடிச்சுக்கலாமுங்க, இந்த வண்டி ஆகாதுங்க என்றாள். அப்போதாவது கேட்டிருக்கலாம். வீட்டில் இத்தனை பெரிய வண்டியை வைத்துக்கொண்டு கூடப்பிறந்தவளை வாடகைக் காரில் அனுப்பினான் என்று தாராபுரத்தில் பேச மாட்டார்களா என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேன்.

சூலூர் தாண்டும் வரைக்கும் மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். காரணம்பேட்டைக்கு அப்புறம் மழை ரோட்டைத் தின்றிருந்தது. அக்கா கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் தலையைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டாள். நான் இடது பக்கம் ஒதுக்கினால் அங்கே ஒரு குழி, வலது பக்கம் ஒதுக்கினால் எதிரே லாரி. தண்ணீர் நின்ற ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியபோது வண்டி முழுக்க மணியடித்த மாதிரி அதிர்ந்தது. அக்கா கத்தக்கூட இல்லை. தம்பி, கண்ணுக்குள்ள என்னமோ சுருக்குன்னு குத்துது சாமி என்று மெல்லச் சொன்னது. அதற்கப்புறம் நடக்கிற வேகத்தில்தான் உருட்டினேன் அம்மணி. பல்லடம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்ததும் அக்கா, சித்தெ நிறுத்து என்றது. தண்ணீர் குடிக்க என்று நினைத்து முக்காலியை எடுத்துப் போட்டேன். இறங்கிய அக்கா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நேராகத் தாராபுரம் பஸ்ஸைப் பார்த்து நடந்தது. நீ வண்டியக் கொண்டாந்து ஊட்டுல நிறுத்து சாமி, நாம் பஸ்ஸுல போய்க்கறேன், எனக்கு இருக்கறது ஒத்தக் கண்ணு என்றது. கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரி சொன்னது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன் அம்மாவும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏறிவிட்டாள். கண்டக்டர் நல்ல மனிதர், அதிராத இடமாகப் பார்த்து நடுவில் சீட்டு பிடித்துக் கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியாக என் வண்டியை எட்டிப் பார்த்தார். ஏனுங்கம்மா, வண்டி நல்லாத்தானுங்களே இருக்குது என்று கேட்டாராம். அது பாக்கறதுக்கு வாங்குன வண்டி கண்ணு, போறதுக்கு இல்ல என்று அக்கா சொன்னதை அம்மா வீட்டுக்கு வந்து எனக்கு அப்படியே சொன்னாள், ஒரு எழுத்து விடாமல்.

நான் என்ன செய்வேன், பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். முந்திப் போயிருக்கலாம், வழியில் அக்காவுக்கு வலி அதிகமாகி இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று பயம். பஸ் நின்ற இடத்தில் எல்லாம் நானும் நின்றேன். பின்சீட்டில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். குண்டடத்தில் டீக்கடைக்காரர் ஒருவர் கிட்டே வந்து, பஸ்ஸுல யாருங்க போறாங்க, மந்திரிங்களா என்று விசாரித்தார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். அத்தனை குளுகுளு ஏசியிலும் எனக்கு வேர்த்து ஊற்றியது. அக்காவின் கண் போய்விட்டால் இந்தக் கையை வைத்துக்கொண்டு இனி சோறு எப்படித் தின்பேன் என்று நினைத்துக்கொண்டே போனேன். வீடு போய்ச் சேர்ந்ததும், காப்பி குடிச்சுட்டுப் போ தம்பி என்றது அக்கா.

அடுத்த வாரம் போன் வந்தது, கண் சிவந்துவிட்டது, தண்ணீராக ஊற்றுகிறது என்று. உடனே கூட்டி வரச் சொன்னார் டாக்டரம்மா. நான் வாசலுக்குப் போய் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு டயராகக் காற்றை இறக்கினேன். புஸ்ஸென்று அது போகப் போக டயர் அடியில் பிதுங்கியது. இதைச் செய்ய எனக்கு ஒரு கண் ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கிறது. பிறகு அகல டயரையும் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டி, அளவாகக் காற்று வைத்துக் காரமடை வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். அம்மா பின்சீட்டில் தூங்கிவிட்டாள். அந்த வண்டியில் ஒரு மனுஷி தூங்கியது அதுதான் முதல் தடவை. ஆனால் அதை நம்பி இன்னொரு தடவை அக்காவை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. வண்டியை விட்டுவிட்டுத் தாராபுரத்துக்குப் பஸ்ஸில் போனேன், அக்காவை நடு சீட்டில் உட்கார வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே அழைத்து வந்தேன். வழியெல்லாம் அக்கா கன்றுக்குட்டியைப் பற்றியே பேசியது. நான் உம் கொட்டினேன்.

அம்மாவும் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். டாக்டரம்மா லைட்டைப் போட்டு வெகுநேரம் பார்த்தார். தையல் எல்லாம் அப்படியே இருக்கிறது, கண் நன்றாக இருக்கிறது, இது வேறு எரிச்சல், புகையில் உட்கார்ந்தீர்களா பாட்டி என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, கொஞ்சூண்டு சின்ன வெங்காயம் உரிச்சேனுங்க, சும்மா ஒக்காந்துருக்க முடியலீங்க, அப்பறம் அடுப்பும் கொஞ்சம் பத்த வெச்சேனுங்க என்றது. டாக்டரம்மா அக்காவை நன்றாகத் திட்டினார். நான் சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். வண்டிக் கதையை முன்னமே சொல்லியிருந்தேன், உடனே என் பக்கம் திரும்பி, அந்தக் குலுக்கலில் தையல் விட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்கும் ஒரு திட்டு கொடுத்தார். இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றோம்.

அப்புறம்தான் நான் எழுத வந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். அக்கா கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டது. வெளியே வராந்தாவில் வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல், வேப்ப மரம், அம்மாவின் சேலைக் கரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அம்மாவிடம், இது பச்சையா நாச்சி, நாம் இத்தன நாளா கறுப்புன்னுல்ல நெனச்சேன் என்றது. கடைசியில் என்னைப் பார்த்தது. வண்டியைப் பற்றி ஏதோ வரப்போகிறது என்று தயாராக நின்றேன். கிட்டே வரச் சொல்லி என் கன்னத்தைத் தொட்டு, ஏந்தம்பி, உனக்கு எப்ப இத்தன நரைச்சுது என்று கேட்டது. மூஞ்சியெல்லாம் சுருங்கிப் போச்சே சாமி, நாம் உன்னைய இன்னம் அந்தப் பழைய குமாருன்னே பாத்துட்டு இருந்தேனே, என்கிட்ட யாரும் சொல்லவே இல்லியே என்று அழ ஆரம்பித்துவிட்டது. கண்ணைத் தேய்க்கக்கூடாது என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அந்த வராந்தாவில் நின்றபடி உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அக்கா இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறது. உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னது. திரும்பப் போகும்போது வண்டியிலேயே வருவதாகச் சொல்லியிருக்கிறது, முன்னாடி அம்மாவைத் தூங்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறுமாம். பனியில் வண்டி வழுக்கும் என்கிறார்கள், மாப்பிள்ளையை நிதானமாக ஓட்டச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, பழையதைச் சூடு பண்ணிச் சாப்பிட்டே காலத்தை ஓட்டாதே. அம்மா அனுப்பிய பருப்புப் பொடி வந்ததா என்று எழுத மறக்காதே, மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

சித்திரையில் லீவு கிடைத்தால் இரண்டு பேரும் வரப் பாருங்கள். நீ போய் வருஷம் ஓடிவிட்டது, போனில் குரலுக்கு நரை தெரிவதில்லை. பீளமேடு ஏர்போர்ட்டுக்கு நானேதான் வருவேன். வெளியே வந்ததும் வண்டி எங்கே என்று தேடாதே கண்ணு, வெள்ளைத் தலையாக ஒருவன் கையை ஆட்டுவான், அவனைக் கொஞ்சம் உற்றுப் பார்.

இருவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

உன் அப்பா,
குமாரசாமி