வழக்குச் செலவு யார் தலையில்

1952, ஆடி, வெள்ளி இரவு

என் மனைவி ஞானத்தின் தையல் மெஷின் அவளுக்கே சொந்தம் என்று திவால் கோர்ட்டில் இன்று தீர்ப்பானது. என் கடை நொடித்ததும், மெஷினும் என் சொத்துதான் என்று வழக்காடியவர், எனக்குக் கடன் தந்த வட்டிக்கடை முதலாளி. தோற்ற பிறகும் விடவில்லை. வழக்குச் செலவை, கடன் தந்தவர்களுக்கெல்லாம் பங்கிட வேண்டிய என் மிச்சச் சொத்திலிருந்து எடுக்கட்டும் என்றார் அவருடைய வக்கீல். எங்கள் வக்கீல் காகிதக் கட்டை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஞானம் எழும்பிவிட்டாள்.

"எசமானே, எங்க கடைக்குக் கடனா புளி தந்த செல்லம்மைக்கும் அந்தச் சொத்துல பங்கு உண்டு. பொய் வழக்குப் போட்டது முதலாளி. செல்லம்மை எதுக்குச் செலவு குடுக்கணும்?"

ஜட்ஜி பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். முதலாளியே தன் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார்.

வெளியே வந்ததும், "பயமா இல்லியா ஒனக்கு?" என்றேன்.

"நீங்க தல குனிஞ்சு நிக்கத பாக்க முடியல்ல."

ஒரு வருடமாகச் செல்லம்மை கண்ணில் படாமல் சந்து வழியாகத்தான் வீடு திரும்புவேன். இன்று ஞானத்தோடு கோட்டாற்றுக் கடைத்தெருவிலேயே நடந்தேன். செல்லம்மையின் கடை முன்னால் நானாகவே நின்றேன். "இவ என் பொண்டாட்டி" என்றேன், அவளுக்குத் தெரியாததுபோல.