பக்கத்து முக்காலியின் சேதி

அன்பு மகனுக்கு,

நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மனசைப் பற்றிக் கேட்காதே, அது காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருக்கிறது. உன் தங்கையின் வழிகாட்டிக் குழுவைப் பள்ளியில் கலைத்துவிட்டார்கள். அலுவலக எழுத்தர் போனில் உறுதிப்படுத்தினார், குழுவை நடத்திய வேதியியல் டீச்சரும் அதையே சொன்னார். இரண்டு பேர் வாயால் கேட்காமல் நான் எதையும் எழுதுவதில்லை என்பது உனக்குத் தெரியும்.

கலைக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோதே உன்னிடம் சொன்னேன். "ஒரு குரூப் போனா இன்னொரு குரூப்மா, இதுக்குப் போய் ஏன் இப்படிக் குதிக்கிறே" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தக் கடிதம். முழுசாகப் படி, பிறகு சிரி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை கலந்து பதினைந்து பிள்ளைகளை ஒரு டீச்சரிடம் விடுவார்கள், தினமும் முதல் மணிக்கு முன்னால் கூடுவார்கள், பிள்ளைகளுக்கு ஒரு துணை இருக்கட்டும் என்பதற்காக. மற்ற குழுக்களில் டீச்சர் அறிவிப்பை வாசிப்பார், பிள்ளைகள் மேஜைக்கு அடியில் போனை நோண்டும். வேதியியல் டீச்சர் இவர்களை ஆய்வகத்துக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறைக்குக் கூட்டிப்போய் முக்காலிகளை வட்டமாகப் போட்டார். ஒரே ஒரு விதி. தன்னைப் பற்றி யாரும் பேசக் கூடாது, இடப்பக்கம் இருப்பவரின் சேதியைத்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன்கூட்டியே போய் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். முதல் நாள் ஒருத்தன் எழுந்து "இவனுக்குத் தலை இருக்கு, தலைல முடி இருக்கு, அதுக்கு மேல தெரியல டீச்சர்" என்றானாம். பள்ளி மாறி வந்ததிலிருந்து வாயே திறக்காத உன் தங்கைக்கு இடப்பக்கம் வாய்த்தவன் நெட்டையாக ஒருவன், எல்லாருக்கும் அவன் 'ஏணி'. வேறு வழியில்லாமல் அவனிடம் பேசினாள். அப்புறம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் ஏணிக்கு ஷூ கடிக்கிறது, ஏணிக்குக் கணக்கென்றால் தூக்கம் வருகிறது என்று ஓயாத செய்தி அறிக்கை. "இந்த வீட்ல நிருபர் நீயா அவளா" என்று உன் அப்பா என்னைக் கிண்டல் செய்தார்.

போன மாதம் ஏணி வருவது நின்றது. அவன் அப்பா வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள், இவன் கார் கழுவும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். உன் தங்கை முறை வந்தபோது "எனக்குச் சொல்ல ஆளில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அன்று மதிய இடைவேளையில் குழு முழுவதும் கிளம்பி, தெருவைத் தாண்டி, ஈரத் தரையில் அவனைச் சுற்றி வட்டமாக நின்றுகொண்டது. அவன் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி நிற்க, இவள் "இவன் மெலிஞ்சுட்டான், சிரிக்கிறான், ஆனா பொய்ச் சிரிப்பு" என்று அவன் சேதியைச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் அவன் பள்ளிக்கு வந்தான். போனவர்கள் யாரும் அனுமதி கேட்கவில்லை, டீச்சரிடம்கூடச் சொல்லவில்லை. வட்டம் அன்றைக்கு வேறு இடத்தில், அவ்வளவுதானே என்று நினைத்திருக்கிறார்கள். அன்று மதியம் அவர்களுக்கு ஒரு தேர்வு இருந்தது, திரும்பி வரும்போது அது பாதி முடிந்துவிட்டது. அது தப்பு, திட்டு, ஒரு நாள் வெளியே நிற்க வை, நான் வாய் திறக்க மாட்டேன். முதல்வர் என்ன செய்தார் தெரியுமா, மதிப்பெண்படி குழுக்களைப் பிரித்துவிட்டார். ஏன் என்று நேரில் போய்க் கேட்டேன். "படிக்க வந்த பிள்ளைங்களுக்கு எதுக்கும்மா இவ்வளவு ஒட்டு உறவு" என்கிறார். எத்தனையோ அதிகாரிகள் எதிரே உட்கார்ந்து எத்தனையோ மழுப்பல் கேட்டிருக்கிறேன், இப்படிக் கூசாமல் உண்மையைச் சொன்னவரை இன்றுதான் பார்த்தேன். அவர் சுவரில் 'நாம் ஒரே குடும்பம்' என்று பெரிய எழுத்தில் மாட்டி வைத்திருக்கிறார், அதைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் அப்பா "ஒதுங்கி இரு, அவளுக்குத்தான் கெடுதல்" என்கிறார். ஒதுங்கி ஒதுங்கித்தானே அந்தப் பெண் ஊமை மாதிரி இருந்தாள்.

காலையில் ஏணி வாசல்வரை வந்திருக்கிறான். "புதுக் குழுப் பட்டியலைப் போர்டுல படிச்சான், பையைத் தோள்ல மாட்டினான், வந்த வழியே போயிட்டான்" என்றார் காவலாளி. வீட்டுக்கு வந்த உன் தங்கையிடம் புதுக் குழுவில் பக்கத்தில் யார் என்று கேட்டேன், தோளைக் குலுக்கினாள்.

வியாழக்கிழமை மாலை நிர்வாகக் குழு கூடுகிறது. வேதியியல் டீச்சரும் வருகிறார், நாங்கள் சில பெற்றோரும் போகிறோம். உத்தரவு நிற்குமா விழுமா என்று அன்றுதான் தெரியும். ஏணி திரும்பி வருவானா என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை, தேதியும் இல்லை.

நீ நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, நினைத்ததெல்லாம் உனக்குக் கூடிவரட்டும். மறக்காமல் ஒன்று செய். இதைப் படித்ததும் தங்கைக்குப் போன் போடு. எப்படி இருக்கே என்று கேட்காதே, பதில் வராது. ஏணி எப்படி இருக்கான் என்று கேள். அவளுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் போய்க் கேட்டுவிட்டு வந்துதான் சொல்ல வேண்டும், அது அவர்கள் விதி.

கோபம் ஆறாத
உன் அம்மா