கம்பெனி மதிலுக்குள் மாமாவின் கல்லறை

அத்தை, ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் போனது மாமாவைப் பார்க்கவா, அந்த வழி மூடிவிடாமல் இருக்கவா? இன்று உங்கள் பீரோவை ஒழித்தபோது, புடவைகளுக்கு நடுவே கம்பெனியின் பார்வையாளர் அட்டை ஒன்று கிடைத்தது. அதன் நீல நாடாவில் இன்னும் மெழுகுவர்த்தி வாசம். திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டீர்கள் என்று நினைக்க முடியவில்லை. நீங்கள் எதையும் மறக்கிறவர் இல்லை.

உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அப்பாவின் அக்கா என்பதைவிட, சுவருக்கு அந்தப் பக்கம் மாமாவோடு சண்டை போடும் குரலாகத்தான் சிறுவயதில் உங்களை அறிவேன். மாமாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்றும், "மனுஷனா அவரு? ஒரு நாள் நிம்மதியா உட்டாரா?" என்றுதான் சொன்னீர்கள். அவருக்காக வாராவாரம் பூ வாங்குவீர்கள் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

எங்கள் மண்ணூரைச் சுற்றியிருந்த நிலங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. 2007இல் அந்தக் கம்பெனியின் மதில் எழுந்தபோது, பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் பழைய கல்லறைத் தோட்டமும் அதற்குப் போகும் வண்டிப்பாதையும் உள்ளே மாட்டிக்கொண்டன. கம்பெனியின் பெரிய கேட்டைத் தவிர வேறு வழியில்லை. மற்றவர்கள் கல்லறைத் திருநாளுக்கு மட்டும் வந்தார்கள். பிறகு அதையும் விட்டார்கள்.

மதில் எழுந்த பிறகு நீங்கள் போன முதல் ஞாயிறு உங்களோடு நானும் வந்தேன். காவலாளி பதிவேட்டை நீட்டினார். பெயர், ஊர், யாரைப் பார்க்க வேண்டும். மூன்றாவது கட்டத்தில் மாமாவின் பெயரை எழுதினீர்கள்.

"எந்த டிபார்ட்மென்ட்டுமா?"

"பின்னாடி, வேப்பமரத்தாண்ட. படுத்துகினு கீறாரு."

அவருக்கு விளங்கச் சற்று நேரமானது. "யம்மா, செத்தவரு பேரெல்லாம் இதுல எழுதக் கூடாது."

"ஏன் கூடாது? அவரு இங்க பர்மனென்ட்டுப்பா. நீதான் கான்ட்ராக்டு."

வரிசையில் நின்ற லாரி டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். காவலாளியாலும் அடக்க முடியவில்லை. அட்டை உங்கள் கழுத்துக்கு வந்தது. நானோ, தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று கூசிக்கொண்டு நின்றேன்.

எனக்குச் சிரிப்பின்மேல் நம்பிக்கை கிடையாது. நாளை வேறொரு காவலாளி வருவார், அவருக்குச் சிரிப்பு வராது. எதுவும் தாளில் இருக்க வேண்டும். கல்லூரியில் பாடம் நடத்துகிறவளின் புத்தி அது. உங்களிடம் சொல்லாமலே கம்பெனிக்கு நல்ல ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதினேன், அனுமதி வழங்குமாறு பணிவுடன் கேட்டு. பதில் வந்தது. அனுமதி உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் முன்னதாக எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தேவைப்பட்டால் நிர்வாகம் அனுமதியைத் திரும்பப் பெறும். ஏதோ சாதித்துவிட்டதாக அதை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு ஓடிவந்தேன். இரண்டு முறை தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டீர்கள்.

"யாருடி பர்மிஷன் கேட்டது?"

"நான்தான் அத்தை. முறையா இருக்கட்டுமேன்னு."

"நம்ம வழிடி அது. இத்தினி நாளா நான் பாட்டுக்குப் போயிகினு இருந்தேன். இப்ப நீ கேட்டுட்ட. இனிமே அவன் குடுத்தாதான்." கடிதத்தை மடித்து என் கையிலேயே திணித்துவிட்டுச் சொன்னீர்கள்: "என்னையும் அங்கதான் வெக்கணும். நான் சாவறதுக்கு ஒரு வாரம் முன்னாடி உன்கிட்ட சொல்லணுமா? மனு போடுவியா?"

அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு விண்ணப்பம் இல்லை என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். நீங்கள் பதிவேட்டை வாங்கி எழுதினீர்கள்: "வந்தேன். விடவில்லை." தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டீர்கள். அதற்கடுத்த வாரமும் அதே. இப்படி ஏழெட்டு வாரம். உங்கள் மாடி வீட்டில் குடியிருந்த பெண்கள் அங்கேதான் வேலை பார்த்தார்கள், அவர்களில் ஒருத்தி திருநெல்வேலிக்காரி. ஒருநாள் ஷிப்டு முடிந்து வந்தவள், "ஆச்சி, எங்க சூப்பர்வைசரே கேக்காரு, அந்த ஆச்சி இந்த வாரமும் வந்தாங்களான்னு" என்றாள்.

"வந்தாங்கன்னு சொல்லு. அவரையும் கேட்டாங்கன்னு சொல்லு."

தணிக்கைக்கு வந்த யாரோ அந்தப் பதிவேட்டைப் புரட்டி, யார் இந்த அம்மா என்று கேட்டதாகப் பிற்பாடு அவள் மூலம்தான் தெரிந்தது. ஒரு ஞாயிறு மேலாளரே கேட்டுக்கு வந்தார். அவரிடம் என்ன பேசினீர்கள் என்று நீங்கள் சொன்னதே இல்லை. அன்றிலிருந்து பக்கத்துச் சின்னக் கதவு உங்களுக்குத் திறந்தது. மனுவைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், எந்தத் தாளில் எழுத வேண்டும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தீர்கள். என் மாணவிகளிடம் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் சொன்னதில்லை.

2014 ஐப்பசி மழையில், காலைக் காப்பியைப் பாதி குடித்திருக்கும்போதே போய்விட்டீர்கள். உறவினர்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். கம்பெனிக்குப் போன் செய்தேன். "லெட்டர் ஒண்ணு குடுத்துடுங்க மேடம், சும்மா பார்மாலிட்டிதான்" என்றார் பேசியவர். பேனாவும் தாளும் பக்கத்திலேயே இருந்தன. "நாளைக்குப் பத்து மணிக்கு எடுத்துக்கிட்டு வர்றோம். தகவலுக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அத்தை, திருப்பி அனுப்பினால் உங்களை எங்கே கொண்டுபோவேன் என்று எனக்கு எந்த யோசனையும் இல்லை.

கேட்டின் இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. சர்ச் சாமியார் முன்னால் போக, உங்கள் மாடி வீட்டுப் பெண்கள் சீருடையோடு பின்னால் வந்தார்கள். ஷிப்டு பஸ்கள் ஒதுங்கி நின்றன. எல்லோரும் அதையே பேசிப் பேசிச் சந்தோஷப்பட்டார்கள். எனக்குச் சந்தேகம் போகவில்லை. இருநூறு பேர் வந்தால் எந்தக் கேட்டும் திறக்கும். தனியாக ஒருத்தி வந்தால் திறக்குமா?

மறுநாள் காலை தனியாகப் போனேன். கேட்டில் புது ஆள்.

"லெட்டர் வெச்சிகினு கீறீங்களா மேடம்?"

"இல்லை."

"அப்போ யாரைக் கேட்டுக்கினு வந்தீங்கோ?"

"யாரையும் கேக்கலை."

ஓரமாக நிற்கச் சொன்னார். நின்றேன். கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. ஒரு மாணவியின் அப்பா பைக்கை நிறுத்தி, "இன்னா மேடம், இங்க நிக்கிறீங்கோ?" என்று விசாரித்தார். "எங்க அத்தையப் பாக்க" என்றேன். எனக்குக் கூச்சமாக இல்லை. நாற்பது நிமிடம் கழித்து அந்த ஆள் யாரிடமோ போனில் பேசிவிட்டுச் சின்னக் கதவைத் திறந்தார். இரவு பெய்த மழையில், மாமாவுக்குப் பக்கத்தில் உங்கள் மண் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதை அணைத்துக் கட்டிவிட்டு வந்தேன்.